நம்ம ஆளுங்களுக்கான வீடு

குளுவாங்கில் நாங்கள் பல வருடம் குடியிருந்த வீடு ஒரு சீனத் தாத்தாவுடையது. அவர் இறந்ததும் பிள்ளைகள் வீட்டை விற்க முடிவு செய்து, மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். கணவர் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. நான் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவியாளர். மகள் ஒரு சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறாள். இரண்டு சம்பளம் வருகிறது, வாடகையில் ஒரு மாதம் கூடப் பிந்தியதில்லை. இன்னொரு வீடு பிடிப்பது ஒரு பெரிய விஷயமா என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் மண் விழ அதிக நாள் ஆகவில்லை.

முதலில் எல்லாரும் பார்க்கிற வாடகை ஆப்பில்தான் தேடினோம். படத்தைப் பார்த்து ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பினால், முதல் கேள்வியே பங்சா என்ன, அதாவது என்ன இனம் என்பதுதான். இந்தியர் என்று எழுதினால் போதும், காலையிலிருந்து காலியாக இருந்த வீடு அந்த நிமிடமே வாடகைக்குப் போய்விடும். சிலர் மனசு வந்து காரணமும் சொன்னார்கள். குழம்பு வாசனை ஓனருக்கு ஆகாதாம். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீகோரெங் நூடுல்ஸ்தான், அதுவும் கடையில் வாங்கியது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

அப்போதுதான் மகள் இந்தியர்களுக்கென்றே புதிதாக வந்திருக்கும் ஆப் ஒன்றைக் காட்டினாள். திறந்ததும் குத்துவிளக்கு, கோலம், வணக்கம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நமக்குன்னு தனியா எதுக்கு? எல்லாரும் போற வழியில நாமளும் போலாம்ல?"

"போய்ப் பாத்தோமேம்மா, என்னா கெடச்சிச்சு? இதுல யாரும் பங்சா கேக்கமாட்டாங்க லா."

"தனிக் கட போட்டா, மத்த கடையில நம்மள உள்ள விடாம இருக்க அதுவே சாக்காயிரும்."

"அந்த மொத ஆப்பும் ஒருத்தங்களுக்காகச் செஞ்சதுதான். அது நாம இல்ல, அவ்வளவுதான்."

ஆனாலும் பிடிவாதமாக இன்னும் சில ஏஜெண்டுகளை அழைத்தேன். ஒரு பெண் மலாயில் மிகவும் அன்பாகப் பேசினாள். உங்கள் ஆட்களுக்கென்றே இப்போது ஓர் ஆப் வந்திருக்கிறதாமே அக்கா, அதில் பாருங்களேன் என்றாள். நான் பயந்தது நடந்துவிட்டது. பயந்தது சரிதான் என்று தெரிந்துகொண்டு என்ன செய்ய? மாதம் முடியப் போகிறது. சாமான்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டோம், அவற்றை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. சரி, உன் இஷ்டம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அந்த ஆப்பில் பதிந்த மறுநாளே ஓர் அம்மா கூப்பிட்டார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல தாமான் குடியிருப்பில் அவருக்கு இரண்டு வீடு அடுத்தடுத்து. ஒன்றில் அவர் குடியிருக்கிறார், மற்றது காலி. போனதும் தேத்தண்ணீர் கொடுத்தார். அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். சாமி அறைக் கதவைத் திறந்து, "நம்ம ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருக்கேன், நீங்க தாராளமா வெளக்கு ஏத்தலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக நாய் படாத பாடு பட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மகள் சொன்னதைக் கேட்காமல் இத்தனை நாள் வீண் வீம்பு பிடித்தோமே என்று கூட நினைத்தேன்.

"எந்த ஊரு நீங்க?"

"பாலோ பக்கம், எஸ்டேட்டுதான்."

"அப்பா என்னா வேல பாத்தாங்க?"

"பால்மரம் வெட்டுனாங்க, ரப்பர் தோட்டத்துல."

"நல்லது. நீங்க என்னா ஆளுங்க?"

இனம் கேட்ட ஏஜெண்டுகளுக்கெல்லாம் பட்பட்டென்று பதில் எழுதியவள் நான். இதற்கு மகளின் முகத்தைப் பார்த்தேன். தோட்டத்தில் எங்கள் வீடுகள் இருந்த லய வரிசை ஏன் கோயிலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது என்பதை மகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்னோடு அது முடியட்டும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது, நானே எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று தொண்டையைக் கனைத்தேன்.

அதற்குள் மகள் சிரித்த முகத்தோடு பெரிய சாதி ஒன்றின் பெயரைச் சொன்னாள். கொஞ்சம் கூடத் தடுமாறவில்லை.

அந்த அம்மா சாவியை என் கையில் வைத்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "இத யாரு உனக்குச் சொன்னா?"

"ஆப்புல பதியும்போதே சாதியக் கேக்குதும்மா. விருப்பம் இருந்தா போடலாம்னு இருக்கும். அன்னிக்கே இதப் போட்டுட்டேன். நெசத்தப் போட்டா நம்மள யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க. ஆப்பு வீட்டையே காட்டாது."

"நெசம் என்னான்னு உனக்கு..."

"பிரைமரி ஸ்கூல்லயே தெரியும். கூடப் படிச்ச புள்ளைங்க சொல்லுச்சிங்க. நீ மறைக்கிறேன்னு தெரிஞ்சிச்சி, அதான் உங்கிட்ட கேக்கல."

இத்தனை வருடம் நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. போவதற்கு வேறு இடம் இல்லை.

குடிவந்து சில மாதமாகிறது. அந்த அம்மா வெள்ளிக்கிழமைகளில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருகிறார், என் மகளை நம்ம புள்ள என்கிறார். நல்ல மனுஷிதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொங்கலை நான் மகளுக்கே வைத்துவிடுகிறேன்.

பாலோவில் இருக்கும் என் அக்கா புது வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அக்கா வெள்ளந்தி. யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். போன வாரமும் கூப்பிட்டாள், இந்தத் தீபாவளிக்காவது வந்து ரெண்டு நாள் தங்கட்டுமா என்று.

"வீடு சின்னதுக்கா, எடம் பத்தாது" என்றேன். இது மூன்று அறை வீடு.