விழாமல் நிற்கும் வேலை

புதுக்கோட்டையில் தற்காப்புக் கலை வகுப்பு நடக்கும் இடங்களில் ‘திருடன் பாண்டி’ என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். நான் எதையும் திருடியதில்லை. டெமோ காட்டும்போது தாக்க வருகிறவனாக நிற்பதுதான் என் வேலை. மாஸ்டர் கையைத் திருப்புவார், நான் விழுவேன். இதற்கு மாதச் சம்பளம் உண்டு, தேய்த்துக்கொள்ளத் தைலமும் உண்டு. இப்போது புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. முதல் நாள்

அப்போது அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அரிசி வாங்க வந்த கராத்தே மாஸ்டர் சேதுபதி என் தோளைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தார்.

“யோவ், சாயங்காலம் சும்மாத்தானே இருக்க? வந்து என்னைய அடி.”

“எதுக்குங்க?”

“நீ அடிச்சாத்தான்யா நான் தடுக்க முடியும்!”

போனேன். அடி என்றார், அடித்தேன். அது நேராக அவர் காதில் விழுந்தது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அந்தக் கை இல்லய்யா! இங்கிட்டு வா. எடது கையால எம்மணிக்கட்டப் புடி. புடிச்சிட்டு அசையாம நில்லு!” என்று காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அப்படியே பிடித்து, அப்படியே நின்றேன். மணிக்கட்டை முறுக்கி ‘ரிஸ்ட் லாக்’ போட்டார். விழுந்தேன். “பாத்தீங்களா, எவ்வளவு பெரிய உருப்படி! சும்மா வாழைமரம் மாதிரி சாஞ்சுட்டான்!” என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எந்தக் கையால் பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எப்போது விழ வேண்டும் என்ற தொழில் ரகசியம் மூன்றையும் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

2. இரண்டு முதலாளிகள்

கொஞ்ச நாளில் காலை வேலையும் கிடைத்தது. சிலம்ப வாத்தியார் அடைக்கலத்திடம் கம்படி வாங்கி விழும் வேலை.

வாத்தியார் சொல்வார்: “கராத்தேங்கிறது வெறுங்கையால காத்த வெட்டுறது. கம்பு பட்ட ஒடனே பாண்டி எப்படி விழுகுறான் பாருங்க.” சாயங்காலம் மாஸ்டர் சொல்வார்: “கம்பத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல ஏற முடியுமா? நம்ம லாக்குக்குத்தான் பாண்டி விழுவான்.”

இருவருக்கும் நான்தான் சாட்சி. இருவரிடமும் “ஆமாங்க” என்பேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருவருமே தங்கமான மனிதர்கள். ஆனால் இவ்வளவு பெரிய உடம்பு தினமும் காலடியில் வந்து விழுந்தால், தன் கலைதான் பெரிது என்று யாருக்குத்தான் தோன்றாது?

3. ஜெனிட்டா கேட்டது

மாஸ்டர் பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார். அதில் சேர்ந்தவள்தான் ஜெனிட்டா. ஆவூர்ப் பக்கத்துப் பெண். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு அவள் முறை. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கையைத் தூக்கினாள். நான் தொப்பென்று விழுந்தேன்.

“அண்ணே, நான் இன்னும் திருப்பவே இல்லையே!” என்றாள்.

வகுப்பே சிரித்தது. “அது ஒன் வேகம்மா! ஒனக்கே தெரியல!” என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“எங்கூரு ஸ்டாப்புல ஒருத்தன் நிக்கிறான்ணே. போன மாசம் கையப் புடிச்சு இழுத்துட்டான். ஊர்ல கண்டிச்சும் அடங்கல. வேலைய விட்டுட்டு வீட்ல இருன்னு அப்பா சொல்றாரு. கராத்தே கத்துக்கிறேன், ஒரு மாசம் பொறுங்கன்னு கெஞ்சி வச்சிருக்கேன். நீங்க சும்மா சும்மா விழுந்தீங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்? விழாம நில்லுங்கண்ணே.”

சுருக்கென்றது. “அதுக்கென்ன தாயி, நின்னுட்டாப் போச்சு” என்றேன்.

நிற்க முடியவில்லை! அவள் கையைத் திருப்ப வந்தாலே என் முழங்கால் தானாக மடங்கியது. இரண்டாம் தடவையும் விழுந்தேன். கடைசியில் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளைப் பிடித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டு ஒரு சுற்று வர அவள் விரல் நீளம் போதவில்லை.

மாஸ்டர் பார்த்துவிட்டார். “யோவ், ஏன்யா விழ மாட்டேங்கிற?”

“வலிக்கல மாஸ்டர்.”

“வலிக்கலையா? குடு இங்க!” என்று அவரே போட்டார். ஐயோ அம்மா, உயிர் போய்விட்டது. அவர் கை இரும்புப் பட்டறைக் கை. தனக்குக் கைவந்த வித்தை எல்லாருக்கும் கைவரும் என்று அத்தனை வருஷமும் நம்பியிருந்தார் மனிதர்.

“அவளுக்கு வரலைங்க” என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்தபின் நானும் ஜெனிட்டாவும் வேறு மாதிரி பழகினோம். நான் பின்னாலிருந்து பிடிப்பேன், முழங்கைக்கு மேலே பிடிப்பேன், பையைப் பிடித்து இழுப்பேன். சொல்லிவிட்டுப் பிடிக்க மாட்டேன். அவளும் அவளுடைய உடம்புக்கு எது வருமோ அதைச் செய்தாள். குதிகாலால் என் பாதத்தை மிதிப்பது அவளுக்கு நன்றாக வந்தது. கத்துவது அதைவிட நன்றாக வந்தது. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். என் கால்விரல்கள் பத்தும் வீங்கிப்போயின.

மாஸ்டர் கதவோரம் நின்று முறைப்பார். “கால மிதிச்சிட்டுக் கத்திக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்குய்யா வெள்ளை டிரஸ்ஸு, பெல்ட்டு?” என்பார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

மாதக் கடைசி ஞாயிறு பெற்றோருக்கு டெமோ. ஜெனிட்டாவின் அப்பா சவரிமுத்து வந்திருந்தார். விவசாயி. வெயிலில் காய்ந்த கட்டையான உடம்பு. கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “பாண்டி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விழுந்துருய்யா. பெத்தவங்க பாக்குறாங்க. மானம் போயிரும்.”

விழுந்தால் சவரிமுத்து நம்பிவிடுவார், ஜெனிட்டா வேலையில் இருப்பாள். ஆனால் பொய்யை நம்பி அந்த ஸ்டாப்பில் இறங்குவாள். விழாவிட்டால் அவள் வேலையும் போகும், என் வேலையும் போகும். பயிற்சி விரிப்பில் ஏறியதும் ஜெனிட்டாவைப் பார்த்தேன். விழ வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் லாக் போட்டாள். நான் நின்றேன். மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். அப்போதும் நின்றேன்.

சவரிமுத்து எழுந்து வந்தார். “மாஸ்டரு, ஆளு விழலையே? அப்ப எம்புள்ள எப்படித் தப்பிக்கும்? போதும் தாயி, நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேணாம்.”

“நீங்களே புடிங்கப்பா” என்றாள் ஜெனிட்டா.

அவர் அவள் தோளுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. “அங்க இல்லைங்க! மணிக்கட்டு, மணிக்கட்டு!” என்று ஓடி வந்தார்.

“களவாணிப் பய ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டா புடிப்பான்?” என்று சவரிமுத்து திரும்பினார். அந்த நேரத்தில் விழுந்தது மிதி. அடுத்து முழங்கை வயிற்றில். பிடி தளர்ந்ததும் “ஏய்ய்ய்! விடுறா!” என்று ஒரு கத்தல். ஃபேன் சத்தம்கூட அடங்கின மாதிரி இருந்தது. ஜெனிட்டா வாசலைத் தாண்டித் தெருவில் ஓடினாள். கத்திக்கொண்டே ஓடினாள்.

“ஏ ஆத்தா, நில்லு! நில்லு தாயி!” என்று ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு சவரிமுத்து அவள் பின்னால் போனார். நாங்களெல்லாம் அவருக்குப் பின்னால் ஓடினோம்.

தெருமுனைப் பரோட்டாக் கடைக்குள் ஜெனிட்டா புகுந்துவிட்டாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் குருமாக் கையோடு வெளியே வந்து சவரிமுத்துவை மடக்கிவிட்டார்கள். பரோட்டா மாஸ்டர் தோசைக்கரண்டியோடு நின்றார். ஒருவர் சட்டையைப் பிடித்து, “யோவ், பொம்பளப் புள்ளையவா தொரத்துற? வா ஸ்டேஷனுக்கு!” என்றார்.

நாங்கள் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தோம். சவரிமுத்து முந்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே, “புடிங்கய்யா! நல்லாப் புடிங்க! எம்புள்ள தப்பிச்சிருச்சு! தப்பிச்சிருச்சுய்யா!” என்றார். அந்தக் கூட்டத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

திங்கட்கிழமை ஜெனிட்டா வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் ஸ்டாப்பில் அவன் பக்கத்தில் வந்திருக்கிறான். கை நீட்டும் முன்பே இவள் கத்திய கத்தலில் பஸ்ஸே நின்று, டிரைவர் இறங்கி வந்திருக்கிறார். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வரப்பில் ஓடினவன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இதைக் கேட்டதும் மாஸ்டர் பயிற்சி விரிப்பைத் தட்டி, “எல்லாம் நம்ம லாக்கு குடுத்த தைரியம்யா!” என்றார். திருந்துகிற ஆளா அவர்! ஆனாலும் அந்த வாரமே சவரிமுத்துவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பெண்களை அவர் இஷ்டப்படி பிடிக்க முடியுமா என்று கேட்டது இதே மாஸ்டர்தான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வலித்தால் விழுங்கள். வலிக்கவில்லை என்றால், யார் முகம் கோணினாலும் நில்லுங்கள். நமக்குச் சம்பளம் தருவது மாஸ்டர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் தனியாக இறங்கப்போவது அவர் இல்லை.