மூட்டு வாதம் என்று சொன்ன வருத்தம்

சுடுதண்ணீர்ப் பையின் ரப்பர் மணம்தான் என் பதினோராவது வயதின் மணம். கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். மழை விட்டுக் காற்று குளிர்ந்தால் எனக்கு வலி தொடங்கிவிடும்; அம்மா அந்தப் பையை முழங்காலில் வைத்துத் துணியால் கட்டிவிடுவார். எனக்கிருந்தது சிக்கிள் செல் நோய். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைத்துக்கொள்ளும்; பிறப்போடு வருவது, யாருக்கும் தொற்றாதது. அயலில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா "மூட்டு வாதம்" என்றே சொல்லிவந்தார். "இரத்தத்தில வருத்தம் எண்டு தெரிஞ்சா மூத்தவளை ஆர் கட்டுவினம்?" என்பது அவருடைய கவலை. அக்கா என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள்.

அவளைப் பெண் பார்க்கத் தெஹிவளையிலிருந்து மாப்பிள்ளையும் தாயும் வந்த பின்னேரம், "சத்தம் போடாமல் கிட பிள்ளை" என்று சொல்லி அம்மா என் அறைக் கதவைச் சாத்தினார். அன்றைக்குப் பார்த்து வலி வந்தது, முதலில் தொடையில், பிறகு நெஞ்சுக்கூட்டில். கூடத்தில் பற்றிஸ் பலகாரத் தட்டு கைமாறும் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருக்க, நான் தலையணை உறையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடந்தேன். சேலையில் குத்திய ஊசியைச் சரிசெய்ய உள்ளே வந்த அக்கா என்னைக் கண்டாள். கதவை அகலத் திறந்து, கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்: "என்ர தங்கச்சிக்குச் சிக்கிள் செல் வருத்தம். அது எனக்குள்ளயும் இருக்கலாம், இன்னும் சோதிச்சுப் பாக்கேல்லை. இப்ப இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

மாப்பிள்ளையின் தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை இறங்கிப் போய் ஓட்டோ பிடித்து வந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவரும் அவர்தான். ஆனாலும் அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. அம்மா இரண்டு கிழமை அக்காவோடு கதைக்கவில்லை. எல்லாவற்றையும் குழப்பியவள் நான்தான் என்று நினைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன்.

"உன்னால இல்லையடி. ஒளிச்சுக் கட்டியிருந்தா நாளைக்கு என்ர பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றாள் அக்கா.

சோதித்தபோது, தனக்கு வருத்தமில்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள் அவள் என்று தெரிந்தது. நான்கு வருடம் கழித்து, தன் இரத்தத்தையும் தானாகவே சோதித்துக்கொண்டு வந்த ஒருவரைக் கட்டினாள்.

அந்த மாடிவீடு இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் என் நோயின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஒளிக்கும் காலம் போய்விட்டது. சத்தமில்லாமல் வலியைத் தாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். "நாலு" என்றேன்.

பக்கத்தில் நின்ற அக்கா, "இவள் நாலெண்டா, நீங்கள் எட்டெண்டு எழுதுங்கோ டொக்டர்" என்றாள்.