தூங்கியவரும் சராசரியும்

புனேயில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்க நான் பட்ட பாட்டில் பாதி, தூங்கிப்போன ஒரு மனிதரால் வந்தது. மீதி என் வழிகாட்டியால்.

வழிகாட்டி கும்பகோணத்துக்காரர். இங்கேயே தலை நரைத்ததில் அவர் தமிழில் 'அரே'யும் 'அச்சா'வும் குடியேறியிருந்தன. யோகா பொறுமையை வளர்க்கிறது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நிரூபிக்கும் வேலை என்னுடையது.

சோதனை எளிமையானது. ஒருவரை அறையில் உட்கார வைத்து, இதோ வந்துவிடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் நீங்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். எவ்வளவு நேரம் காத்திருக்கிறாரோ அவ்வளவு பொறுமை. யோகா வகுப்புக்குப் போனவர்கள் ஒரு குழு, போகாதவர்கள் ஒரு குழு. இரண்டு குழுவிலும் பெரும்பாலோர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எழுந்து போனார்கள். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்காரர்கள் அந்த டீ ஆறுவதற்குள்.

போபோடியிலிருந்து வந்த ஒருவர் மட்டும் போகவே இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யோகா குழு. மதியம் உட்கார்ந்தவர் வாட்ச்மேன் பூட்ட வரும்வரை இருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் மதியத்தில் கண்ணை மூட விடுவதில்லை, இங்கே மின்விசிறி இருந்தது, கூப்பிட ஆள் இல்லை என்று கூச்சமில்லாமல் இந்தியில் சொல்லிவிட்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டார்.

அந்த ஒருவரால் யோகா குழுவின் சராசரி எங்கோ போய்விட்டது. வழிகாட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"சார், அவரு பொறுமையா இருக்கலீங்க. தூங்கிட்டாருங்க" என்றேன். என் கோயம்புத்தூர்ப் பேச்சில் எதிர்ப்புகூட மரியாதையாகத்தான் வரும்.

"அரே, யோகநித்திரைன்னு நீ கேள்விப்பட்டதே இல்லையாம்மா?"

முந்தின வருஷம் இன்னொரு மாணவியின் ஆய்வில் இப்படித்தான் ஒருவர் மற்றவர்களை விட்டுத் தனியாக நின்றார். ஆனால் சாருடைய கருத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்றுவிட்டார். அவரை 'அளவீட்டுப் பிழை' என்று சொல்லி வெட்டி எறிந்தவரும் இதே சார்தான்.

நான் சராசரியை விட்டுவிட்டு, 'நான்பாராமெட்ரிக்' என்கிற தரவரிசைச் சோதனைக்குப் போனேன். இரண்டு குழுவையும் கலந்து, காத்திருந்த நேரப்படி எல்லோரையும் வரிசையாக நிறுத்துவது. அதிக நேரம் இருந்தவர் முதல் இடம், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அதற்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்காது. பிறகு எந்தக் குழு வரிசையில் முன்னால் நிற்கிறது என்று பார்ப்பது. எந்தக் குழுவும் முன்னால் நிற்கவில்லை. யோகா செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரே மாதிரிதான் பொறுமையற்றவர்கள்.

"ரேங்க் போடறதுக்கு இதென்ன எட்டாங்கிளாஸா?" என்று கேட்டார் சார். டேட்டா போதாதவர்கள் செய்கிற ஏழை வீட்டுக் கணக்கு அது என்றும் சொன்னார். ஒரே ஆளால் சராசரி ஏறியதைத்தான் வெளியூர்ப் பரீட்சகர் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்பார் என்றேன். உண்மைக்குப் பயப்படாத சார் பரீட்சகருக்குப் பயந்தார். ஆய்வேட்டில் என் வரிசை இருக்கட்டும், கருத்தரங்கில் தன் சராசரி பேசட்டும் என்று முடிவு செய்தார்.

அவர் பேசினார், கைதட்டினார்கள். வானவடியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து யோகா மையம், பொறுமை விஞ்ஞானத்தால் நிரூபிக்கப்பட்டது என்று பேனர் கட்டியது. தினமும் அதன் கீழே, பின்னால் ஹாரன் அடிப்பவர்களைச் சபித்துக்கொண்டு ஸ்கூட்டியில் நின்றேன்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. சார் சராசரியை வைத்து எழுதிய கட்டுரை மட்டும் ஓர் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. ஒரே ஆளை நம்பி முடிவு சொல்லியிருக்கிறீர்கள், தரவரிசைச் சோதனை செய்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்களாம். அன்றைக்கே போன் செய்தார்.

"அந்த ரேங்க் சமாச்சாரத்தைக் கொஞ்சம் அனுப்பும்மா."

அனுப்பினேன். யோகாவால் பொறுமை கூடுவதில்லை என்று முடிவு தலைகீழாகி, கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். நடுவில் இருந்த இரண்டு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது சார் ஊர் ஊராகப் போய் நான்பாராமெட்ரிக் முறைகள் பற்றிப் பயிலரங்கு நடத்துகிறார். போன மாதம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சராசரியை மட்டும் நம்புகிற இளம் ஆய்வாளர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று மேடையில் மனம் வருந்தினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு வரைக்கும் கேட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது.