மூக்கு நுனி இல்லாத ஸ்கேன்

சித்திரை பிறந்து இரண்டாம் செவ்வாய். ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் மனைவி பச்சை அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தாள். முந்தின இரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூக்கினுள் சதை வளர்ந்து அவளுக்கு வாசனை போய்விட்டது. கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலையில் அவள் வேலையே மோந்து பார்ப்பதுதான். கூழ் புளிக்கத் தொடங்கினால் முதலில் கண்டுபிடிப்பவள் அவள். வைகாசியில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும். அதற்குள் மூக்கு சரியாகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தியைப் போடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே ஒருமுறை அறுவை செய்ததில், உள்ளே மருத்துவர்கள் அடையாளமாகக் கொள்ளும் எலும்புகள் போய்விட்டன. பக்கத்தில் கண், மேலே மூளை. மின்காந்த வழிகாட்டிக் கருவி இல்லாமல் தொடமாட்டேன் என்றார் மருத்துவர். தலைமாட்டில் வைக்கும் ஒரு தட்டு மெல்லிய காந்தப்புலத்தை எழுப்பும். அதற்குள் கருவியின் முனை நகர நகர, அது எங்கே இருக்கிறது என்பது சி.டி. ஸ்கேன் படத்தின் மேல் ஒரு கூட்டல் குறியாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான கருவி அல்ல. பெங்களூரிலிருந்து வேனில் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு வருவது.

வேன் நேரத்துக்கு வந்துவிட்டது. கூட வந்த டெக்னீஷியன் எங்கள் சி.டி.யைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பேஜாரு சார். மேடத்துக்கு மூக்கு இல்ல."

மனைவி எழுந்துவிட்டாள். "இல்லியா? அப்ப இது என்ன, கத்திரிக்காயா?"

"ஸ்கேன்ல இல்ல மேடம். நுனிய கட் பண்ணிட்டாங்க."

முதலில் ஒரு கோலால் நெற்றி, கன்னம், மூக்கு என்று முகத்தைத் தடவிக் காட்ட வேண்டுமாம். அந்த முகமும் ஸ்கேனில் உள்ள முகமும் பொருந்தினால்தான் கருவி வழி சொல்லும். படத்தில் மூக்கு நுனி இல்லை, எனவே பொருந்தவில்லை.

ஸ்கேன் எடுத்த கிருஷ்ணகிரி சென்டருக்குப் போன் போட்டேன்.

"சைனஸ் கேட்டீங்க, சைனஸ் முழுசா இருக்குதுங்களே. மூக்கு நுனில என்னங்க நோவு?"

"நேவிகேஷனுக்குன்னு டாக்டர் சீட்டுலயே எழுதியிருக்காருங்க."

"அவங்க எழுதுவாங்க. நாங்க எப்பவும் எடுக்கறதத்தான் எடுப்போம்."

மருத்துவரோ, சீட்டில் தெளிவாக எழுதிவிட்டதாகச் சொன்னார். சி.டி.யை முன்கூட்டியே அனுப்பியிருக்கலாமே என்றார் டெக்னீஷியன். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கி மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் ஓசூரிலேயே வேறொரு சென்டருக்கு ஓடினோம். அங்கே வரிசை. எங்கள் முறை வந்தபோது சர்வர் வேலை செய்யவில்லை. முழு மூக்கோடு எடுத்த படத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், கருவியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் மதியம் வேறு கேஸ். மறுபடி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

"டாக்டர், உங்க கண்ணால பாத்துச் செய்யமுடியாதுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பாத்துச் செய்வேன்மா. கண்ணு போச்சுன்னா நீயும் நானும் என்ன பண்றது?"



வெளியே வந்ததும் அவள் கோபம் என் பக்கம் திரும்பியது. "ஊர்ல எந்த வருஷம் எந்த ரோடு போட்டாங்கன்னு கேட்டா தேதியோட சொல்லுவீங்க. அந்த சி.டி.ய ஒருதடவ பாத்தீங்களா?" பார்த்திருந்தாலும் எனக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனால் அதைச் சொல்லும் நேரம் அல்ல அது.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி வந்தது. ஒரு துண்டு பிட்டவள், அதை வைத்துவிட்டு மேலாளரை அழைத்தாள்.

"சார், ஆபரேசன் தள்ளிப்போச்சு. மோந்து பாக்கற எடத்துல நீங்க சொன்னவளயே போட்டுருங்க... இல்லீங்க சார், வேலைய விட்டு நிக்கல. டப்பாக்கு லேபிள் ஒட்ட ஆள் வேணும்னீங்களே, அதுக்கு வர்றேன்."