நாற்காலி ப்ளேட்டின் மீதிப் பாதி

முதல் நாள்

பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த கேசட் பதிவுக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. யாராவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் நாலே நாள் இருந்தேன். புடவையைப் பிரித்துக் காட்டுவேன், விலை கேட்டால் வாய் வராது. ஐந்தாம் நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேசட் கடை முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பேச வராது என்பதை எப்படியோ அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. இங்க வாய்க்கு வேலை இல்ல சரோஜா, காதுக்குத்தான்" என்று சொல்லி ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டார். சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பும்போது வைத்துவந்த கனகாம்பரம் நசுங்கியது. அதற்குப் பிறகு வேலை நாளில் நான் பூ வைத்ததில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாடிக்கையாளர் வெற்றுக் கேசட்டைக் கொண்டுவந்து, இன்ன பாட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். நாங்கள் ரிக்கார்டை ஓடவிட்டு அதில் பிடித்துத் தருவோம். ரிக்கார்டுக்குக் கடையில் ப்ளேட் என்று பேர். அவசரப்படுத்த முடியாது. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். முள் குதிக்கிறதா, சத்தம் அளவு மீறி மீட்டர் சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாய் இரண்டு விதி சொன்னார். முதலாவது, டேப்பைக் காலியாக விடக் கூடாது. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். ப்ளேட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷம் வந்தால் பெரிது. மீதி வெறும் இரைச்சலாக இருந்தால் ஏமாற்றிவிட்டோம் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும். என்ன போடுவது என்பது பதிவு செய்கிறவர் இஷ்டம். இரண்டாவது, டேப் தீரும்போது பாட்டு நடுவில் இருந்தால் சத்தக் குமிழை மெல்லத் திருப்பிக் குறைத்து முடிக்க வேண்டும். பட்டென்று நிற்கக் கூடாது.

முதல் விதியை நான் அளவுக்கு மேலேயே கடைப்பிடித்தேன். வம்பு வந்தது இரண்டாவதில்.

தாடிக்காரர்கள்

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ப்ளேட்டுகளை அட்டைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். நாலு வெள்ளைக்காரர்கள் சேர்ந்த ஒரு ராக் கோஷ்டி இருந்தது. காலேஜ் பையன்கள் அதன் பேரை வாயில் பாக்கு அடக்கிக்கொண்ட மாதிரி சொல்வார்கள். அட்டையின் பின்பக்கப் படத்தில் நாலு பேருக்கும் தாடி இருந்ததால் எனக்கு அவர்கள் தாடிக்காரர்கள்.

எங்களிடம் அவர்களுடைய ப்ளேட் மூன்று இருந்தது. ஒன்றில் சிவப்பு லாரி. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்தக் காலேஜ் பிள்ளை வந்தாலும் லாரிதான் கேட்கும். நான் அதை எத்தனை தடவை பிடித்திருப்பேன் என்று கணக்கில்லை. எந்த இடத்தில் டிரம் விழும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். மற்ற இரண்டில், ஒன்றின் அட்டையில் வயல் நடுவே ஒரு காலி நாற்காலி. இன்னொன்றில் திறந்து கிடக்கும் பறவைக் கூண்டு. இவை இரண்டையும் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் மழையில் ஆள் வரவில்லை. தூசி துடைக்க எடுத்த நாற்காலி ப்ளேட்டை, சரி, ஓடுகிறதா பார்க்கலாம் என்று போட்டேன். லாரி ப்ளேட்டைக் கேட்டால் அவர்கள் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல். இதில் வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஒரு பாட்டு தொடங்குவதற்கு முன் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் வரும். இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டில் பாடுகிறவர் ஒரு பெரிய மூச்சு விட்டு, கொஞ்சம் தயங்கி, பிறகுதான் ஆரம்பிப்பார். பேசுவதற்கு முன் நான் விடுகிற மூச்சு அது. என்ன பாடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தயக்கம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

கூண்டு ப்ளேட் இன்னும் மோசம். அதில் ஒரு பாட்டு முழுக்க மேளக்காரர் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தியே வருவார். மற்ற மூன்று பேரும் அவருக்காக நின்று நடப்பது போல இருக்கும். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் எங்களுக்கு ரேடியோகூடக் கிடையாது. அந்தக் கடையில் கேட்டால்தான் உண்டு.

வடபழனியிலிருந்து வந்த ஆபத்து

மாதக் கடைசியில் வடபழனியிலிருந்து கோவிந்தன் என்பவர் வருவார். சினிமாவுக்கு செட் போடுகிற கலைப் பிரிவில் வேலை. யாரும் கேட்காத ப்ளேட்டுகளை வாங்கிப்போய், வெந்நீரில் போட்டு இளக்கி, ஓரத்தை அலை அலையாக வளைத்து, பணக்காரர் வீட்டு செட்டில் பழம் வைக்கிற கிண்ணமாக்கிவிடுவார்.

"இன்னா பாய், இந்த மாசம் எத்தினி கீது?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார். பாய் அலமாரியைத் துழாவுவார். ஆறு மாதம் யாரும் கேட்காத ப்ளேட் இடத்தை அடைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஒரு தடவை கோவிந்தன் நாற்காலியையும் கூண்டையும் தட்டிப் பார்த்து, "இது நல்ல கனம். ஆப்பிளே வெக்கலாம்" என்றார். ஆறு மாதம் ஆக இன்னும் நாலு மாதம் இருக்கிறது, தீபாவளிக்கு முன்னால் வா என்று பாய் அனுப்பிவிட்டார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாயிடம் போய், வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. இருந்தது ஒரே வழி. யாராவது கேட்டு வர வேண்டும். கேட்க வேண்டுமென்றால் அவர்கள் காதில் அது விழ வேண்டும்.

மறுநாளிலிருந்து எல்லாக் கேசட்டிலும் மீதி இடத்தில் முதல் பக்கத்துக்கு நாற்காலியில் அந்த மூச்சுப் பாட்டு வருகிற பக்கம், இரண்டாம் பக்கத்துக்குக் கூண்டு. என்ன கேட்டு வந்தார்கள் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. டேப் தீர்கிற நேரத்தில் குமிழைத் திருப்பிக் குறைக்க மட்டும் கை வரவில்லை. பாடுகிறவரின் வாயைப் பொத்துகிற மாதிரி இருந்தது. டேப்பே தானாகத் தீர்ந்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீதி எங்கே

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மயிலாப்பூரிலிருந்து ரகு என்று ஒரு காலேஜ் பையன் கேசட்டோடு வந்து நின்றான். லாரி கேட்டிருந்தவன்.

"லாஸ்ட் பாட்டு பாதியில நின்னுடுத்து சார்."

பாய் கேசட்டைப் போட்டுக் கேட்டார். தாடிக்காரர் மூச்சு விட்டார், தயங்கினார், ஆரம்பித்தார், பட்டென்று நின்றது. பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ப்ளேட் துடைத்தேன். துடைத்த ப்ளேட்டையே மறுபடி துடைத்தேன்.

தப்பு நடந்துவிட்டது, அழித்துவிட்டு வேறு போட்டுத் தருகிறேன் என்றார் பாய்.

"ஐயோ, அழிக்கப்படாது. ஆத்துல மூணு நாளா எல்லாரும் இதையே பாடிண்டிருக்கா. அந்த இடம் வந்ததும் நின்னுண்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கறா. மீதி எங்கேன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவன் நாளை வருகிறேன் என்று போனதும் விசாரணை தொடங்கியது.

"எத்தினி கேசட்டுல போட்ட?"

"எல்லாத்துலயும்."

"எல்லாம்னா?"

நாலு மாதம் என்று விரலைக் காட்டினேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபாலபுரத்து மாமி ஞாபகம் வந்துவிட்டது. ஸ்லோகம் பதிவு செய்துபோனவர்.

அந்த மாமியும் மறுநாளே வந்தார். பாய் எழுந்து நின்றே பேசினார். மாமி நிதானமாக, ஸ்லோகம் முடிந்ததும் ஒருத்தர் பெருமூச்சு விட்டுப் பாட ஆரம்பிக்கிறாரே, பாஷை புரியவில்லை, ஆனால் பக்தியோடுதான் பாடுகிறார், அது எந்த ஊர் க்ஷேத்திரத்துப் பாட்டு என்று கேட்டார். பாய் ரொம்ப தூரத்து ஊர் என்று மட்டும் சொன்னார். மாமிக்கும் மீதி வேண்டியிருந்தது.

நான் பேசிய நாள்

மாமி போன அன்று சாயங்காலமே ரகு மறுபடி வந்தான். இந்தத் தடவை கேசட் இல்லை. நாற்காலி ப்ளேட்டையே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றான். பாய்க்கு வாயெல்லாம் பல். கிண்ணமாகப் போக இருந்த சரக்குக்கு ஆள் கிடைத்துவிட்டது. ப்ளேட்டை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றவும் தொடங்கிவிட்டார்.

ஆக, என் காரியத்தை நானே கெடுத்துக்கொண்டேன். கோவிந்தனிடமிருந்து காப்பாற்றி ரகுவிடம் கொடுத்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒரு பெரிய மூச்சு விட்டேன். கொஞ்சம் தயங்கினேன்.

"பாய், அத்த குடுத்துட்டா மீதி பாதி கேட்டு வர்றவங்களுக்கு இன்னா போடுவீங்க?"

அந்தக் கடையில் நான் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. பாய் சுற்றுவதை நிறுத்தினார். நாலு மாதக் கேசட்டுகள் அவர் கண்முன் வரிசையாகப் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பாதியில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீதி இருக்கிறது.

பேப்பரைப் பிரித்தார். "இது விக்கிறதுக்கு இல்ல தம்பி. கேசட் கொண்டா, மீதிய அந்தம்மா போட்டுத் தரும்" என்றார்.

ரகு என்னைப் பார்த்து, நாற்காலி இழுக்கிற சத்தமும் சேர்த்து வேண்டும் என்றான். அதைக் கவனித்தது நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் கோவிந்தன் சொன்னபடி வந்தார். கூண்டுக்கும் மீதி கேட்டு ஆள் வரும் என்று பாய் அதையும் தரவில்லை; வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராமல் அலமாரியைத் துழாவினார். லாரி ப்ளேட் ஓடி ஓடித் தேய்ந்து, இரண்டாம் பாட்டில் முள் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு லாரி புதிதாக ஒன்று வாங்கினார். எல்லாரும் கேட்கிறதுதான் முதலில் தேய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் சைதாப்பேட்டைக் கொட்டகையில் ஒரு படம் பார்த்தேன். கதாநாயகியின் அப்பா கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அலை அலையாக ஓரம் வளைந்த கறுப்புக் கிண்ணம், அது நிறைய ஆப்பிள். மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு மட்டும் அந்தக் கிண்ணத்தில் டிரம் எங்கே விழும் என்று தெரிந்தது.

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கேட்டதைக் கேட்டபடி கொடுங்கள். மிச்சம் இருக்கிற இடத்தில் உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள். குமிழில் மட்டும் கை வைக்காதீர்கள். பாதியில் நின்றால் நிற்கட்டும். வேண்டியவர்கள் மீதியைத் தேடி வருவார்கள்.