மேசைக்கு அடியில் ஒரு விமானப் பயிற்சி

காணாத வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, காணாத இயந்திரங்களைப் பற்றி, அவற்றைக் கண்ணாலும் காணாத ஒருத்தி படிப்பிப்பதுதான் நான் பார்த்த தொழில். தெரியாத பாடத்தைத் தெரிந்த முகத்தோடு நடத்திப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

முரசுமோட்டையில் தொண்டராசிரியையாக மனைப்பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் போரால் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது, வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவர், போகிற பெண்களுக்கு இரண்டு கிழமை பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "மனைப்பொருளியல் எண்டா வீட்டு வேலைதானே" என்று என்னைப் பிடித்துப் போட்டார். பிறகு எத்தனையோ பேருக்குப் படிப்பித்தாலும் முதல் வகுப்பில் இருந்த பதினான்கு பேரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதிலும் தெய்வானையை.

தெய்வானை துணுக்காய்ப் பக்கத்தவள். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். மற்றவர்களுக்கு நான் ரீச்சர், அவளுக்கு டீச்சர். கணவன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் அவளுடைய தாயோடு அகதி முகாமில் இருந்தார்கள். இந்தப் பயணம் சரிவந்தால்தான் அந்த மூன்று பேரும் முகாமை விட்டு வெளியே வரலாம்.

ஒரு கப் தூள்

முகவர் கொழும்பிலிருந்து ஒரு சலவை மெசின் கொண்டுவந்து வைத்திருந்தார். ஆரோ கழித்துவிட்டது, ஓடாது. நான் மூடியைத் திறந்து, "உடுப்பை இதுக்குள்ள போடோணும். இந்தப் பொத்தானை அமத்தினா தண்ணி தானா வரும், தானாத் தோய்க்கும், தானாப் பிழியும்" என்று புத்தகத்தில் படித்ததை ஒப்புவித்தேன். பதினான்கு பேரும் சுற்றி நின்று அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மெசினுக்கு ஓடிய காலத்தில்கூட அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது.

சவர்க்காரத் தூள் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தரத்துக்கு ஒரு கப் என்றேன். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் வராத காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள் அவர்கள், நானும்தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஜெயராணி கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், இவ்வளவு தூள் போட்டுத் தோய்க்க, அவையள் அப்பிடி என்ன ஊத்தை வேலைதான் செய்யினம்?"

தாளில் இல்லாத சொல்

அறுபது அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய ஒரு தாளும் முகவர் தந்திருந்தார். கொண்டு வா, கழுவு, கெதியாய், கவனம், பிள்ளை அழுகிறது. நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நாங்கள் சொன்னது எந்த அரபிக்காவது விளங்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். நாலாம் நாள் தெய்வானை எழும்பி, "எனக்குக் களைப்பா இருக்குன்னு சொல்ல என்னங்க டீச்சர்?" என்று கேட்டாள். தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். அப்படி ஒரு சொல் இல்லை.

குவைத்தில் நாலு வருஷம் வேலை செய்து திரும்பியிருந்த பிலோமினா அக்கா எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தா. பின்னேரம் அங்கே ஓடிப் போய் அந்தச் சொல்லைக் கேட்டேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவா, பாதித் தேங்காயை ஒரு பக்கம் வைத்தா. இரண்டு பேருக்குச் சமைக்கிற சின்னக் குசினி அது. அதற்குள் நாலு வருஷத்தையும் தனியாகச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறாவே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு சொன்னா: "களைக்காமல் இருந்ததெண்டில்லைப் பிள்ளை. சொன்னாக் கேக்கிறதுக்கு ஆர் இருந்தது?"

கதிரைப் பிளேன்

விமானத்தில் எப்படி இருப்பது என்பதும் பாடத்தில் ஒன்று. கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கி, நடுவில் வழி விட்டு, பழைய சீலைக் கிழிசல்களைப் பெல்ற் என்று கட்டக் கொடுத்தேன். விமானத்தைக் கிட்டத்தில்கூடக் கண்டிராத நான் பணிப்பெண்ணாகத் தட்டத்தில் தண்ணீர் ஏந்தி நின்று, "இப்ப பிளேன் வெளிக்கிடுது" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கூரைக்கு மேலே உண்மையாகவே ஒன்று இரைந்துகொண்டு வந்தது. பதினான்கு பேரும் பெல்ற்றோடும் கதிரையோடும் நிலத்தில் விழுந்து மேசைகளுக்கு அடியில் புகுந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் நானும் அங்கேதான், கையில் தட்டத்தோடு.

விழுந்து விழுந்து சிரித்தோம். தெய்வானை மட்டும் வெளியே வரவில்லை. முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டியிருந்தாள். ஜெயராணி கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. சத்தம் கேட்டு வந்த முகவர் குனிந்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கறாரானவர். "பிளேனுக்குள்ள இப்பிடிச் செய்தா இறக்கிப்போட்டுப் போயிடுவாங்கள் ரீச்சர். பயிற்சி முடியிறதுக்குள்ள இவ எழும்பி நிக்கோணும். இல்லாட்டி இவவின்ர இடத்துக்கு வேற ஆளைத்தான் அனுப்புவன்."

கிணற்றடி

அன்று மத்தியானம் கிணற்றடியில் தெய்வானை தானாகவே சொன்னாள். குண்டு போடும் பொம்மர் வந்த ஒரு நாள் அவளுடைய கணவன் வயலில் நின்றிருக்கிறான். ஓடினால்தான் சந்தேகப்படுவார்கள், நிற்கிறவன் கமக்காரன் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி நின்றானாம். குண்டு அந்த வயலில்தான் விழுந்தது. "மேல இருந்து பாத்தா கீழ நிக்கிற ஆளு தெரியுமாங்க டீச்சர்? பாத்துட்டுத்தான் போட்டாங்களா? இத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான், படிப்பிக்க வந்த நாளிலிருந்து முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். தெரியாது என்றேன்.

அடுத்த நாளிலிருந்து தெய்வானைக்கென்று தனிப் பாடம் நடந்தது. அதை நான் வைக்கவில்லை, அவளே வைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டதும் நாங்கள் உள்ளே ஓட, அவள் வெளியே போய்க் கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் நாள் நிலத்தில் குந்திவிட்டாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். பிறகு துலாக்காலைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். எது சாமான் ஏற்றுகிற அவ்றோ, எது குண்டு போடுகிறது என்று சத்தத்திலேயே பிரித்துச் சொல்வாள், ஒரு நாளும் பிழைத்ததில்லை. கடைசிக்கு முதல் நாள் வந்தது குண்டு போடுகிற சாதி. யன்னலால் பார்த்தேன். துலாக்காலையும் விட்டுவிட்டு, முகத்தை வானத்துக்குக் கொடுத்து நிமிர்ந்து நின்றாள். எனக்கு மெய் சிலிர்த்துக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசிக்கு நான் எதைப் படிப்பிக்க வந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. உள்ளே வந்தவள் மெல்லக் கேட்டாள்: "நின்னுட்டேங்க டீச்சர். ஆனா கண்ண மூடிக்கிட்டேன். பரவாயில்லையா?"

பெட்டிக்குள் ஒரு போத்தல்

தெய்வானையின் இடத்துக்கு முகவர் வேறு ஆளைத் தேடவில்லை. புறப்படும் முன் எல்லோருடைய பெட்டியையும் சரிபார்ப்பது என் வேலை. ஒருத்தி ஊறுகாய், ஒருத்தி திருநீறு, ஜெயராணி கருவாடு. கருவாட்டை வெளியே எடுக்க அவளோடு பெரிய போராட்டம். தெய்வானையின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே பழப்பாகு வந்த ஒரு யாம் போத்தல் இருந்தது, உள்ளே திரியும் கம்பியும். சொட்டு மண்ணெண்ணெய்யில் இரவு முழுக்க எரியட்டும் என்று எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த விளக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க பகலிலயும் லைற் எரியுமாம். இது என்னத்துக்கு?" என்று வெளியே எடுத்தேன். தெய்வானை அதை என் கையிலிருந்து வாங்கி, பழையபடி சட்டைக்குள் சுற்றி வைத்தாள். "இங்கயும் முந்தி கரண்ட் இருந்துச்சுங்க டீச்சர்."

கசற்

மூன்று மாதம் கழித்துத் தெய்வானையின் தாய், இரண்டு பேத்திகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தா. கையில் ஒரு கசற், தெய்வானை தன் குரலைப் பதிந்து அனுப்பியது. முகாமில் போட்டுக் கேட்க வழியில்லை. முகவரின் ரேடியோவில் போட்டோம். புது வகுப்புப் பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். முதலில் பிள்ளைகளுக்குப் புத்தி, தாய்க்கு மருந்துக் கணக்கு, பிறகு எனக்கு. "மெசினு ஓடுறப்ப நடுங்குதுங்க டீச்சர். நீங்க அதச் சொல்லவே இல்லியே" என்றதும் வகுப்பே சிரித்தது. என் மானம் காற்றில் பறந்தது.

சிரிப்புக்கு நடுவே அவள் குரல் தொடர்ந்தது. "பிளேன்ல ஜன்னல் பக்கம் சீட்டு கெடச்சிச்சு. கண்ணத் தொறந்துகிட்டேதான் இருந்தேன். கீழ வயலு தெரிஞ்சிச்சு, ரோடு தெரிஞ்சிச்சு. ஆளு ஒருத்தரும் தெரியலைங்க. எவ்வளவோ தேடிப் பாத்தேன்." முகவர் தொண்டையைச் செருமி, "அது பொம்மரை விட உயரத்தில எல்லோ..." என்று தொடங்கினார். நான் ஒரு பார்வை பார்த்தேன், வாயை மூடிக்கொண்டார். மூத்த பேத்தி ரேடியோவுக்குக் கிட்டப் போய்க் காதை வைத்தாள். கசற் சுற்றிக்கொண்டிருந்தது. "அன்னைக்கு அவரு தூக்கிப் புடிச்ச துண்டு தெரிஞ்சிருக்காதுங்க. பாத்துட்டுப் போடலைங்க டீச்சர். இப்பல்லாம் நான் நல்லாத் தூங்குறேன்."

அதற்குப் பிறகும் எத்தனையோ பேரைக் கதிரைப் பிளேனில் ஏற்றி அனுப்பிய நான், இன்றைக்கும் வானத்தில் சத்தம் கேட்டால் முதலில் மேசை எங்கே என்றுதான் பார்க்கிறேன்.