சங்கக் கொட்டகைச் சுவரில் அப்பா

வஜ்ஜிரப் பசை காய்ச்சினால் செத்த மாட்டின் நாற்றம் அடிக்கும். அதில் காவியையும் வேட்டிக்குப் போடும் நீலத்தையும் கரைத்துத்தான் அப்போதெல்லாம் சுவரில் எழுதுவார்கள். ஆட்சி மாறிய புதிது. பாபநாசம் பக்கத்தில் மதகு, பாலம், பம்புசெட் கொட்டகை என்று ஒன்றையும் விடாமல் கட்சிச் "சின்னம்" வரைந்து வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாத எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்த சித்திரமெல்லாம் அவைதான். நான் கரிக்கட்டியால் வரையப் பழகியதும் அவற்றைப் பார்த்துத்தான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, குறுவை அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கக் கூடாது என்று வரப்பில் நின்ற என் அப்பாவைப் பண்ணை ஆட்கள் அடித்துக் கொன்றார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் தங்கள் கொட்டகைச் சுவரில் அவர் படத்தை எழுத, எல்லாக் கட்சிக்கும் சின்னம் எழுதுகிற மாசிலாமணியை அழைத்து வந்தார்கள். அப்பாவுக்கு ஏது போட்டோ? அதனால் மாசிலாமணி என் அம்மாவிடம் அடையாளம் கேட்டார்.

"எடது காது நுனி கிழிஞ்சிருக்குங்க. சின்னப் புள்ளையில மாடு முட்டுனது," என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

"பொதுச் செவுத்துல அதெல்லாம் நல்லாருக்காதும்மா," என்றவர் என்னைப் பார்த்தார். "புள்ளைக்கு அப்பன் சாடைதானே? பாப்பா, வெயிலப் பாத்து நில்லு."

நின்றேன். உச்சி வெயிலில் கண்ணில் நீர் வழிய நான் நிற்க, என் நெற்றியும் மூக்கும் கண்ணும் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. அதன்மேல் தலைவர்களுக்கு வைக்கும் மீசையை வைத்து, தோளில் துண்டு போட்டு, தாடைக்கடியில் நீலத்தால் நிழல் தீட்டி, சுற்றிலும் தார் கலந்த கறுப்பில் கட்டைவிரல் கனத்துக்குக் கோடு இழுத்தார். காதுகள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தன. தெருவே கும்பிட்டது. அம்மா மட்டும், "இது அவரு இல்லீங்க," என்று சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

பொங்கலுக்கு முன்பே பண்ணை ஆட்கள் வந்து, அந்தக் கண்கள் இரண்டையும் கடப்பாரையால் நோண்டி, முகத்தில் சாணியை அப்பிவிட்டுப் போனார்கள். ஆளை அடித்துக் கொன்றும் அந்தப் பாவிகளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் அழவில்லை, என் கண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். அது அவர் இல்லை என்ற அம்மாதான் வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாய்ச் சுமந்து வந்து கழுவினாள். சாணியோடு நிறமும் கரைந்து ஓடி, கறுப்புக் கோடு மட்டும் நின்றது.

பத்திரிகைகளுக்கு நான் வரையும் படங்களில் கனத்த கறுப்புக் கோடும், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்குழியும் இருப்பதை என் "பாணி" என்று மெச்சுகிறார்கள். பாணியாவது மண்ணாங்கட்டியாவது. அந்தச் சுவர் என் கையில் ஏறிக்கொண்டது, இறங்க மாட்டேன் என்கிறது.

சாலையை அகலமாக்கியபோது கொட்டகையே போய்விட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இப்போது நினைவு நாளில் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள்; சுவர் கெடுவதற்கு முன் யாரோ எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, மீசை வைத்த எட்டு வயதுப் பெண்ணுக்கு மாலை போடுகிறார்கள். போன மாதம் சங்கத்துப் பையன்கள் வந்து, "அப்பாவ நீங்களே நல்லா வரைஞ்சு குடுங்கக்கா," என்றார்கள். அப்பாவின் முகத்தை நினைத்தால் எனக்கும் அந்தச் சுவர்தான் வருகிறது. மிச்சமிருப்பது, அவர் தோளில் ஏறும்போது நான் பற்றிக்கொள்ளும் அந்தக் கிழிந்த காது மட்டுமே. முகத்தைப் பாதி திருப்பி, அந்தக் காது நன்றாகத் தெரியும்படி வரைந்து அனுப்பினேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் அவர்களில் ஒரு பையன் பணிவாகத்தான் சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்கக்கா, இது அவரு மாதிரி இல்ல."